சின்ன வயது கிறிஸ்துமஸ்தான் உண்மையான கிறிஸ்துமஸா?

வாசகர் கேள்வி, டிசம்பர் 8, 2023

"இப்போது கிறிஸ்துமஸ் என்றால் கேக், சீரியல் பல்பு, துணிக்கடைத் தள்ளுபடி, அவ்வளவுதான். நம் சின்ன வயதில்தான் உண்மையான கிறிஸ்துமஸ் இருந்தது. ஓலை வீட்டில் ஒரு காகித நட்சத்திரம் தொங்கினாலும் அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்று யாருக்குத் தெரியும்?"

டிசம்பர் 8, இரவு 9.20

பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் காகித நட்சத்திரம் என்று படித்ததும் மனசு ஊருக்கு ஓடிவிட்டது.

எங்கள் ஊர் நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரிக்காட்டு ஓரம். காலை வைத்தால் செம்மண் கணுக்கால் வரை ஏறும். கடையில் நட்சத்திரம் வாங்குகிற வழக்கமே கிடையாது. நவம்பர் கடைசியில் பெரியப்பா மூங்கிலைப் பிளந்து பத்தை சீவுவார். பத்து பத்தை வேண்டும், எல்லாம் ஒரே நீளம். ஐந்தைக் கட்டி ஒரு நட்சத்திரம், இன்னும் ஐந்தைக் கட்டி இன்னொன்று. இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து முனைகளைப் பனை நாரால் இறுக்கிவிட்டு, நடுவில் குச்சி கொடுத்துப் பிரித்தால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். அந்த வயிற்றுக்குள்தான் விளக்கு. குச்சியின் அளவு தப்பினால் ஒரு பக்கம் நொடித்துப்போகும். பெரியப்பா அதைக் கண்ணாலேயே அளப்பார். அப்புறம் மைதாப் பசை, சிவப்பும் மஞ்சளும் பட்டக் காகிதம், கடைசியில் வால். வாலை வெட்டுவது என் வேலை. கத்தரி பிடிக்கக் கொடுத்தார்கள் என்பதற்காகவே அந்த மாதம் முழுக்கப் பெரிய மனுஷனாக நடந்தேன்.

கட்டி முடித்ததும் பனையேறும் மாமா ஒருவர் அதைத் தெற்குப் பக்கத்துப் பனையில் ஏற்றிக் கட்டுவார். ராத்திரி சாத்தான்குளத்திலிருந்து வருகிற கடைசி பஸ்ஸில் இருந்து பார்த்தாலே தெரியும்.

டிசம்பர் 8, இரவு 10.05

மயில்துத்தத்தை விட்டுவிட்டேன். பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடாவிட்டால் கரப்பான் ஒரே ராத்திரியில் காகிதத்தைத் தின்றுவிடும். பசை இளநீலமாக மாறும். அதைத் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைத்தால் முதுகில் அடி விழும், அது விஷம்.

டிசம்பர் 9, மதியம்

பலகாரம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அச்சு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. இருபதாம் தேதிக்கு மேல் அடுப்பு அணையாது. முந்திரிக்கொத்தில் முந்திரிப் பருப்பு எங்கே என்று சென்னைக்காரர்கள் எல்லோரும் தேடுவார்கள். அதில் முந்திரிப் பருப்பே கிடையாது. முந்திரி என்றால் பழைய தமிழில் திராட்சை, கொடிமுந்திரி. மூன்று உருண்டைகளை ஒட்ட வைத்து எண்ணெயில் விட்டால் திராட்சைக் கொத்து போல வருகிறது, அதனால் அந்தப் பெயர். உள்ளே வறுத்த சிறுபயறு மாவும் கருப்பட்டியும். கருப்பட்டிப் பாகு சூடாக இருக்கும்போதே உருட்ட வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும், அதனால் டிசம்பரில் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருடைய உள்ளங்கையும் சிவந்து கிடக்கும்.

அளவு கேட்டவருக்கு: எனக்குத் தெரியாது. உருட்டத்தான் தெரியும். ஊரில் அத்தை இருக்கிறார்கள், கேட்டு எழுதுகிறேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

"டிசம்பர் 25 பைபிளிலேயே இல்லை, பிறகு என்ன உண்மையான அர்த்தம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லைதான். நாளும் இல்லை, மாதமும் இல்லை. 336ஆம் ஆண்டு ரோமில் அந்த நாளைக் கொண்டாடியதற்கு, 354இல் தொகுத்த ஒரு நாட்காட்டியில் குறிப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் 1647இல் நாடாளுமன்றமே கிறிஸ்துமஸ் கூடாது என்று சட்டம் போட்டது, அதைச் செய்தவர்களும் தீவிரமான கிறிஸ்தவர்கள்தான். தேதியைப் பிடித்துக்கொண்டு போனால் அர்த்தம் கிடைக்காது. என்னைப் பிடித்து வைத்திருப்பது தேதி இல்லை, ஒரு சொல்.

முன்னணை. "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்." வருஷா வருஷம் கோயிலில் வாசிப்பார்கள். தலையணை தெரியும், அப்படியானால் முன்னணையும் ஏதோ பஞ்சு மெத்தை, முன்பக்கம் வைக்கிற மாதிரி ஒன்று என்று எட்டு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆச்சியிடம் கேட்டேன், நமக்கும் ஒரு முன்னணை வாங்கலாமே என்று. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு தொழுவத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே கல்தொட்டி. அடியில் பழைய கழனித் தண்ணீரும் ஊறிய புண்ணாக்கும். உள்விளிம்பு முழுக்க மாட்டு எச்சில் வழுவழுவென்று இருந்தது. "தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். "இதுதாம்ல முன்னணை. இதுலதான் போட்டா." அவ்வளவுதான். வேறு விளக்கம் சொல்லவில்லை, தண்ணீரை மாற்றிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த வழுவழுப்பு இன்னும் விரலில் இருக்கிறது. எனக்குக் கிறிஸ்துமஸ் அங்கேதான் ஆரம்பித்தது.

டிசம்பர் 12, இரவு

இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் அமைக்கிற குடில் பற்றித் தூத்துக்குடிக்காரர் ஒருவர் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊரில் குடில் கட்டுவது இல்லை, அது கத்தோலிக்க வீடுகளில்தான். பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சியோ என்ற மலையூரில் உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி, நள்ளிரவுப் பூசைக்கு ஏற்பாடு செய்தார், குடில் வழக்கம் பரவியதற்கு அதுதான் பெரிய தொடக்கம். சாணி வாசனையோடு நடந்த அந்தப் பூசையில் ஒரு நாள் நிற்கக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

எங்களுக்குக் குடிலுக்குப் பதில் கீதபவனி. டிசம்பர் பாதியிலிருந்து ராத்திரி பத்து மணிக்குக் கோயிலில் கூடி, தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு விடியற்காலை வரை போவோம். டோலக்கு, ஒரு ஆர்மோனியம், அதைத் தூக்க இரண்டு பேர், முன்னால் பெட்ரோமாக்ஸ். ஒவ்வொரு வீட்டிலும் கட்டன்காப்பி. கருப்பட்டிக் காப்பி தருகிற வீட்டில் பாட்டு ஒன்று கூடும். பனி இறங்கி ஆர்மோனியக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், டோலக்கை ஓலை நெருப்பில் காட்டிச் சூடாக்குவார்கள். 1986 டிசம்பரில், எனக்கு ஒன்பது வயது, முதல் தடவையாகக் கடைசி வரை தூங்காமல் போனேன். கீழத்தெருப் பாலம் வரை போய்விட்டோம், அங்கே பெட்ரோமாக்ஸ் மேன்டில் உடைந்து எல்லாம் இருட்டாகிவிட்டது. நட்சத்திர வெளிச்சத்தில் கையைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே திரும்பினோம். என் வாழ்க்கையில் மிக அழகான ராத்திரி அது.

டிசம்பர் 13, காலை

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகளுக்கு மறுநாள் போனீர்களா?" என்று ஒரே வரியில் ஒருவர் கேட்டிருக்கிறார்.

காலையிலிருந்து அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போன ஞாபகம் இல்லை. எந்த வருஷமும் போன ஞாபகம் இல்லை.

டிசம்பர் 14, இரவு 11.30

அத்தையிடம் பேசினேன். நேற்றைக்கு முன் தினம் எழுதியதைத் திருத்த வேண்டும்.

அத்தை சொன்னது அப்படியே: "மேன்டில் ஒடஞ்சது நெசம்தாம்ல. ஆனா பைக்குள்ள வேற மேன்டில் கெடந்துச்சே. ஒடையாத வருசமும் பாலத்தோட திரும்பிருவாவ. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொன்னேன். பிறகு யோசித்தால், தெரியும். கீழத்தெருவில் பதினான்கு வீடு. அவர்களுக்கும் அதே கோயில், அதே போதகர் ஐயர் கையால் ஞானஸ்நானம், அதே திருவிருந்து. ஆனால் கோயிலில் அவர்கள் உட்கார்ந்த இடம் மேற்கு வாசல் பக்கம். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, வேண்டியதே இல்லை. சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. பாலம் என்று சொன்னால் போதும்.

அப்புறம் இன்னொன்று. கிறிஸ்துமஸ் அன்று மதியம் ஆச்சி ஒரு பித்தளைத் தாம்பாளம் நிறைய முந்திரிக்கொத்தும் முறுக்கும் அடுக்கி, மேலே வெள்ளைத்துணி போட்டுக் கீழத்தெருவுக்குக் கொண்டுபோவாள், நானும் கூடப் போவேன். ஆச்சி நல்லவள் என்பதற்கு அடையாளமாகவே அந்தத் தாம்பாளத்தை இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தேன். அவள் நல்லவள்தான், அதில் சந்தேகமில்லை, ஊரில் வேறு யாரும் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனால் ஆச்சி எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. வாசலில் நின்று கொடுப்பாள். மேலத்தெருவில் யார் வீட்டுக்குத் தட்டு போனாலும் வெறுந்தட்டாகத் திரும்பாது, குறைந்தது ஒரு கை சீனியாவது வைத்துத் தருவார்கள். கீழத்தெருவிலிருந்து மட்டும் தாம்பாளம் வெறுமையாக வரும். சாம்பல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று, ஈரம் துடைத்து, வெறுமையாக. தாங்கள் வைத்துத் தந்தால் நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தது நான். பளபளப்பில் முகம் பார்த்துக்கொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஊர் முதலூர். பெயரே முதல் ஊர்தான். 1799இல், கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததற்காக விரட்டப்பட்டவர்கள் தங்குவதற்கென்று உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர். இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போனது. இடம் இல்லாதவர்களுக்கு இடம் கொடுக்கத்தான் எங்கள் பக்கத்து ஊர்களே தொடங்கின, அந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்வோம். சொல்லிவிட்டுப் பாலத்தோடு திரும்பிவிடுவோம்.

முதல் கேள்வி கேட்டவருக்கு: நம் சின்ன வயதில் அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று எழுதினீர்கள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

டிசம்பர் 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, பழசைக் கிளற வேண்டாம், பண்டிகை நேரம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். பண்டிகை நேரம் என்பதால்தான் எழுதினேன். இந்தப் பண்டிகையின் கதையே இடமில்லை என்று ஒருவர் சொன்னதிலிருந்துதானே புறப்படுகிறது.

டிசம்பர் 15, பிற்பகல்

இதையும் திருத்த வேண்டியிருக்கிறது. யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஞாயிறு பள்ளி நாடகத்தில் இரண்டு வருஷம் நான்தான் சத்திரக்காரன். சாக்குப் படுதாவிலிருந்து தலையை நீட்டி "இடமில்லை, போங்கள்" என்று கத்த வேண்டும், அது ஒன்றுதான் வசனம். இப்போது லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தேன். சத்திரக்காரன் அதில் இல்லவே இல்லை. மாடும் கழுதையும்கூட இல்லை, தொட்டி மட்டும் இருக்கிறது. மூலத்தில் சத்திரம் என்ற இடத்தில் இருக்கிற கிரேக்கச் சொல் கட்டாலுமா. அதே லூக்கா, கடைசி இராப்போஜனம் நடந்த வீட்டு அறைக்கும் அந்தச் சொல்லையே போடுகிறார். அடிபட்டவனை நல்ல சமாரியன் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்துக்கு, அதாவது காசு கொடுத்துத் தங்குகிற உண்மையான சத்திரத்துக்கு, வேறு சொல். அதனால் இது உறவுக்காரர் வீட்டு விருந்தாளி அறையாக இருக்கலாம் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பாலஸ்தீன வீடுகளில் மாட்டை ராத்திரி வீட்டுக்குள்ளேயே, தாழ்ந்த பகுதியில் கட்டுவார்கள். தொட்டியும் அங்கேயே.

அப்படியானால் படம் மாறிவிடுகிறது. குடிமதிப்பு எழுதச் சொந்த ஊருக்கு வந்த கூட்டம், வீடு முழுக்க ஆள், நிறைமாதக்காரி. விருந்தாளி அறை நிரம்பிவிட்டது, சரி, கீழே வா, மாட்டைத் தள்ளிக் கட்டுகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். துரத்திய கதை இல்லை, நெருக்கி உட்கார்ந்த கதை. எது சரி என்று தீர்ப்புச் சொல்கிற படிப்பு எனக்கு இல்லை. ஆனால் இரண்டாவதுதான் எனக்கு அதிகமாகச் சுடுகிறது. துரத்துகிறவன் வேறு யாரோ என்று இனி சொல்ல முடியாது. தள்ளி உட்கார்ந்தோமா, அதுதான் கேள்வி.

டிசம்பர் 18, இரவு

ஊரில் யாருடைய போனும் எடுக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுபோயிருக்கிறது. ஏரல் பக்கம் துண்டிக்கப்பட்டுவிட்டது. இந்த மாதத் தொடக்கத்தில்தான் இங்கே சென்னையில் மிக்ஜாம் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், அப்போது அத்தை நாளுக்கு நாலு தடவை கூப்பிட்டார்கள். இப்போது நான் கூப்பிடுகிறேன், மணிகூட அடிக்கவில்லை.

டிசம்பர் 19

இன்னும் இல்லை.

டிசம்பர் 21

கிடைத்துவிட்டார்கள். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. குளம் உடைந்து தண்ணீர் கிழக்கே இறங்கியிருக்கிறது, அத்தை வீட்டுக்குள் இடுப்பளவு. இரண்டு மாட்டில் ஒன்றை அவிழ்த்துவிட முடிந்தது, ஒன்றை முடியவில்லை. ஊரில் பாதிப் பேர் நாலு நாளாகக் கோயில் பக்கத்து அசனக் கொட்டகையில்தான், கோயிலின் பொது விருந்து நடக்கிற இடம் அது. ஸ்ரீவைகுண்டம் ரயிலில் நின்றவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் கையில் இருந்த அரிசியை வடித்துப் போட்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். எங்கள் ஊரிலும் அசனத்துக்கு வைத்திருந்த அரிசியில்தான் எல்லோருக்கும் கஞ்சி. அத்தை குரல் கம்மிக் கிடந்தது, அதிகம் பேசவில்லை. "எடம் பத்தல, காலை மடக்கிட்டுதான் தூங்குனோம்" என்றார்கள்.

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் எழுதியது மனசை விட்டுப் போகவில்லை. 2004இல் கிறிஸ்துமஸ் விளக்கை இறக்குவதற்கு முன்பே, மறுநாள் காலையில் கடல் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் இருபத்தைந்தாம் தேதி ராத்திரி நட்சத்திரத்தை அணைப்பதில்லை, விடியும் வரை எரியும். உங்கள் வீட்டு நட்சத்திரத்தை இந்த வருஷம் நானும் நினைத்துக்கொள்வேன்.

டிசம்பர் 26

நேற்று அத்தையிடம் ஒரு மணி நேரம் பேசினேன். இந்த வருஷம் பவனி கிடையாது என்றுதான் முடிவு செய்திருந்தார்களாம், பையன்கள் கேட்கவில்லை. டோலக்கு நனைந்துவிட்டதால் கை தட்டிக்கொண்டே போனார்கள், பாட்டோடு அரிசிப் பையும் போர்வையும். பாலத்தைத் தாண்டினார்களா என்று கேட்டேன். அத்தைக்கு முதலில் கேள்வியே புரியவில்லை.

"அது தொண்ணூத்தெட்டுலயே போயாச்சேல. எளவட்டப் பயலுவ அவுங்கவுங்க அப்பன்கிட்ட ஏச்சு வாங்கிட்டுத்தான் போனானுவ. நீதான் மெட்ராசுக்குப் போயிட்டியே."

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அந்தப் பையன்களில் நாலைந்து பேர் என்னோடு படித்தவர்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. மூங்கில் நட்சத்திரம் போய் பிளாஸ்டிக் வந்ததையும், பவனியில் ஸ்பீக்கர் பாக்ஸ் வந்ததையும் பற்றி ஒவ்வொரு வருஷமும் குறைப்பட்டுக்கொண்டேன். இது மட்டும் கண்ணில் படவில்லை. கோயிலில் மேற்கு வாசல் பக்கம் இப்போது யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்களா என்றும் கேட்டேன். "பாதி" என்றார்கள். கல்யாணம்? அதற்கு அத்தை பதில் சொல்லவில்லை.

முந்திரிக்கொத்து அளவு கேட்டவர் மன்னிக்க வேண்டும், பதினேழு நாள் ஆகிவிட்டது. அத்தை இப்போது செய்வதில்லை, முட்டி வலி. ஊருக்கே கீழத்தெருவில் ஒரு அக்காதான் செய்து விற்கிறார்கள், அத்தை வீட்டுக்கும் அங்கிருந்துதான். போனை அவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கு: சிறுபயறு ஒரு கிலோ, வாசம் வரும் வரை சிறு தீயில் வறுத்துத் திரித்தது. கருப்பட்டி முக்கால் கிலோ. ஒரு தேங்காய் துருவி, ஈரம் போக வறுத்தது. எள் ஒரு கை, சுக்கும் ஏலமும் தட்டிப்போட வேண்டும். மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு, மஞ்சள் ஒரு சிட்டிகை, தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக. உருண்டைகளை ஒரு ராத்திரி காயவிட்டு மறுநாள்தான் பொரிக்க வேண்டுமாம், அன்றே போட்டால் எண்ணெயில் உடையும். இந்த வருஷம் பயறு எல்லாம் நனைந்து முளைவிட்டுவிட்டது, அதனால் ஜனவரியில்தான் போடப்போகிறார்கள். எனக்கு இரண்டு கிலோ சொல்லியிருக்கிறேன். வாங்க நானே போகிறேன்.